அவர் கேட்டது குணமாவதைப் பற்றியல்ல

எங்கள் கிளினிக்கில் எச்.ஐ.வி. மருந்து வாங்கிக்கொண்டு போக எழும்பியவர், நின்றபடியே கேட்டார்: "மிஸ், வெளிநாட்டுல எச்.ஐ.வி.யக் குணமாக்க ஆராய்ச்சி பண்றாங்களாமே, நம்ம மாதிரி ஆளுங்க பேர் குடுக்கலாமா?" நான் உடனே, "உங்களுக்கு எதுக்குண்ணே அது? ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு வந்துட்டீங்க, மாத்திரைய விடாமப் போட்டாப் போதும்" என்றேன். மருத்துவப்படி இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இருந்தும் அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

அவர் போனில் பார்த்த வீடியோ, எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலில் குணமானவர் என்று அறியப்பட்ட திமோதி ரே பிரவுனைப் பற்றியது. சரி, உட்காருங்க என்று விளக்கினேன். பிரவுனுக்கு இரத்தப் புற்றுநோய் இருந்ததால்தான் 2007இல் பெர்லினில் வேறொருவரின் ஸ்டெம் செல்களை, அதாவது இரத்தத்தை உருவாக்கும் மூல செல்களை, ஏற்றினார்கள், கொடுத்தவரின் உடலில் வைரஸ் நுழையும் சிசிஆர்5 என்ற வாசல் இல்லை, எச்.ஐ.வி. போய்விட்டது, ஆனால் 2020இல் புற்றுநோய் திரும்பி வந்து இறந்துபோனார். மாத்திரையோடு நன்றாக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையைச் செய்யமாட்டார்கள், அதிலேயே உயிர் போகலாம். மற்ற ஆய்வுகள் பலவற்றில் ஒரு கட்டத்தில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்கள், மாத்திரை போட்டாலும் உடலில் ஒளிந்திருக்கும் வைரஸ் உண்மையில் போய்விட்டதா என்று அறிய வேறு நம்பகமான வழி இல்லை. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே திரும்ப ஏறிவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு குழந்தைக்கு 27 மாதம் மருந்தில்லாமல் இருந்தும் 2014இல் திரும்பியது. ஏறினால் வீட்டில் மனைவிக்கும் தொற்றலாம்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குச் சொகமாகணும்னு கேக்கல மிஸ். இந்த மாத்திரையும் யாரோ ஒருத்தர் மேல சோதிச்சுத்தானே எனக்கு வந்துச்சு? முந்தி கோயில் திருவிழாவுல ரத்தம் குடுப்பேன். இப்ப என் ரத்தம் ஒருத்தருக்கும் ஆகாது. அந்த ஆராய்ச்சிக்கு மட்டுந்தான் ஆகும்."

வளைகுடாவில் விசாவுக்கான இரத்தப் பரிசோதனையில் தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டவர் இவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரைகளைக் கெஸ்டிரிக் மருந்துப் போத்தலுக்கு மாற்றி, எடுக்கும்போது குலுங்கிச் சத்தம் வராமலிருக்க மேலே பஞ்சு அடைத்து வைத்திருப்பார், ஒருமுறை எனக்கே காட்டினார். கிட்டே ஒரு கிளினிக் இருந்தும் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று பஸ் மாறி எங்களிடம் வருகிறார்.

நான் ஏன் தடுத்தேன் என்பதற்கு எனக்கு நியாயம் உண்டு. எங்கள் தோட்டங்களில் கோட் போட்ட ஒருவர் கடதாசியை நீட்டினால் வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் முதலில் மறிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் இவரிடம் ஒருவரும் கடதாசி நீட்டவில்லையே, அவராகத்தானே கேட்டார். இப்படிப்பட்ட ஆய்வில் சேருகிறவருக்குத் தனிப்பட்ட பலன் கிடைக்காது என்பதைத்தான் ஆய்வாளர்கள் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். நான் அதைச் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்கு அது விளங்கியிருந்தது. அப்புறம் நான் யாரை யாரிடமிருந்து காப்பாற்றினேன்?

மாத்திரையை நிறுத்தாமல் இரத்தம் மட்டும் எடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் உண்டு என்றேன். "அது எங்க நடக்குது மிஸ்?" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய நகரங்களில் நடப்பவைதான், அதைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, அதனால்தான் கூடுதலாகக் கஷ்டமாக இருக்கிறது.

நாளைக்கே இங்கே ஓர் ஆய்வு வந்தாலும் அவர் பெயரைக் கொடுப்பேனா என்று என்னையே கேட்கிறேன். ஒரு நாள் கட்டாயம் கொடுப்பேன் என்று தோன்றுகிறது, மறுநாள் அவர் மனைவியின் நினைப்பு வந்து தயங்குகிறேன், ஆபத்தில் பாதி அந்தப் பெண்ணுடையது, அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த முறை இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன்.