துறைமுகத்தில் வாரிய மண் எங்கே போகிறது?

திருப்பூர் பனியன் பெட்டிகளும் கரூர் ஜவுளிப் பெட்டிகளும் தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் போவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஏற்றும் கப்பல் வந்து நிற்பதற்காகக் கடலடியிலிருந்து வாரப்படும் மண்ணைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. துறைமுகக் கட்டுமானங்களில் மண் ஆய்வுப் பணி செய்பவன் என்ற முறையில் என் கருத்து இது: புதிய முனையம் ஒன்றின் செலவையும் காலத்தையும் தீர்மானிப்பதில், மண்ணை வாரும் வேலைக்கு நிகராக, வாரிய மண்ணை வைக்கும் இடத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அந்த இடத்தைப் பற்றிய யோசனை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காடுகளில் கிணற்று மேட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படையை விளக்க வேண்டியதில்லை. வெட்டிய மண் வெட்டிய குழிக்குள் திரும்ப அடங்காது. கடலில் இது இன்னும் மோசம். ஏனெனில், கடலடித் தரையை வெட்டி உறிஞ்சும் டிரெட்ஜர் எனும் தூர்வாரும் கப்பல் குழாய் வழியே கரைக்குத் தள்ளும் கலவையில் மண்ணின் பங்கு பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 20 வரைதான், மற்றதெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தெளியவைத்துக் கடலுக்குத் திருப்பி அனுப்ப, நாற்புறமும் கரை கட்டிய பெரிய தேக்கங்களும், அவற்றின் கடைசியில் பலகை சொருகிய மடையும் வேண்டும். மடையில் கலங்கல் கூடினால் ஆள் ஒரு பலகையை மேலே சேர்க்கிறார்; நீர்மட்டம் உயர்ந்து, தண்ணீர் கூடுதல் நேரம் நின்று, நுண்மண் படிகிறது. பல கோடி ரூபாய் டிரெட்ஜரின் வேகம் இந்த ஒரு பலகைக்குக் கட்டுப்பட்டது என்பதைத் தளத்துக்கு வந்த பிறகுதான் பலர் நம்புகிறார்கள்.

மணலாக வந்தால் பிரச்சினை குறைவு. அதைக் கொண்டு நிலம் மீட்கலாம். விசாகப்பட்டினத்தில் செய்வதுபோல அரிக்கும் கடற்கரைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். தொல்லை களிமண்ணில் இருக்கிறது. மாதிரிக் குழாயைத் திறந்தவுடன் அழுகிய முட்டை வாடை அடிக்கும். கருத்த சேறு காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் மேலே பழுப்பேறும். இதை நிரப்பி அதன்மேல் பெட்டி அடுக்கும் தளம் போடுவதென்றால், நெருக்கமாகச் செங்குத்து வடிகால் பட்டைகளைச் செருகி, மேலே மணல் பாரம் ஏற்றி, நீர் வெளியேறி மண் இறுகும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நஞ்சு ஒட்டுவதும் பெரும்பாலும் இந்த நுண்மண்ணில்தான். பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கக் கப்பல் அடிப்பாகத்தில் பூசப்பட்ட, டிரைபியூட்டைல் டின் என்ற நச்சு கலந்த சாயத்தைத் தடுக்கும் உலக ஒப்பந்தம் 2008-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய துறைமுகங்களின் அடிச்சேற்றில் அதன் எச்சம் இருக்கக்கூடும் என்பதால், கன உலோகங்களோடும் எண்ணெய்க் கழிவோடும் சேர்த்து அதையும் சோதிப்பது நல்லது. சோதிக்காத சேற்றைக் கிளறினால் என்ன ஆகும் என்பதை நொய்யல்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுமா என்ன? 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு வந்த கதையைவிட, சாயக் கழிவைத் தேக்கிய கதைதான் நம் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டது.

ஈரோட்டில் மஞ்சள் போடும் என் மாமா, "ஏன் மாப்ள, குளத்து வண்டல் அடிக்கிற மாதிரி அந்தச் சேத்தக் கொண்டாந்து நம்ம காட்டுக்கு அடிச்சா ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது. குளத்து வண்டல் நன்னீரில் படிந்தது. கடற்சேற்றில் உப்பு இருக்கிறது, அது கழுவப்பட நல்ல மழைக்காலங்கள் பல தேவைப்படும். அதோடு, கந்தகச் சேர்மங்கள் நிறைந்த சேறு உலர்ந்து காற்றில் கிடந்தால் அமிலமாகவும் மாறலாம்.

ஆகவே சோதனையில் தேறிய களியின் பெரும்பகுதி ஆழ்கடலுக்கே போகிறது. கொட்டும் இடத்தைப் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் போன்றவை நீரோட்ட மாதிரிகளைக் கொண்டு பரிந்துரைக்கின்றன. கொட்டியது கப்பல் வந்துபோகும் வாய்க்காலுக்கே திரும்பி வரக் கூடாது, மீன்பிடி இடங்களையும் மூடக் கூடாது. நான் இங்கே கண்டிப்பாக இருப்பேன்: மண் கொட்டும் கப்பல் எங்கே போய் அடிக்கதவைத் திறந்தது என்ற செயற்கைக்கோள் பதிவு ஒவ்வொரு நடைக்கும் இல்லாமல் கட்டணப் பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது. தூரத்தைக் குறைத்து வழியிலேயே கொட்டினால் டீசல் மிச்சம் என்ற ஆசை எந்த ஒப்பந்தக்காரருக்கும் வரக்கூடியதே.

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சிக்குப் போனால், கொச்சித் துறைமுகத்தை அமைத்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் வாய்க்கால் தோண்டிய மண்ணாலேயே உருவாக்கிய வில்லிங்டன் தீவைப் பார்க்கலாம். மண்ணுக்கு இடம் தேடாமல், மண்ணையே இடமாக்கிய வேலை அது. ஆனால் அதே கொச்சியில் ஆறுகளும் பருவமழையும் ஆண்டுதோறும் சேற்றைக் கொண்டுவந்து வாய்க்காலில் நிரப்புகின்றன. 2011-ல் திறந்த வல்லார்பாடம் முனையத்துக்கும் அந்தப் பராமரிப்புத் தூர்வாரல் ஓயாத செலவு. கட்டுமான மண்ணாலேயே தேக்கங்களை விளிம்புவரை நிரப்பிவிட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் கழிவு கலந்த சேறு வரும்போது கரையில் வைக்க இடமிருக்காது. அதனால் குறைந்தது ஒரு தேக்கத்தையாவது காலியாக ஒதுக்கி வைக்குமாறு முதல் வரைபடத்திலேயே கேட்டு வருகிறேன்; நிலத்தின் விலையைச் சொல்லி அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.