முதலில் சீனம், பிறகு பட்டப்படிப்பு

சீனப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் பரிமாற்றம் என்றதும் பலரும் 1978க்குப் பிந்தைய திறந்த பொருளாதாரக் காலத்திலிருந்து தொடங்குவார்கள். மக்கள் சீனத்தைப் பொறுத்தவரை அதன் வேர் 1950இல், பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ஒரு மொழி வகுப்பில் இருக்கிறது. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா, ஹங்கேரி, பல்கேரியா என ஐந்து நாடுகளிலிருந்து 33 பேர் வந்தார்கள். அரசும் அரசும் பேசி முடித்த ஏற்பாடு அது. மாணவர் தானாக விண்ணப்பித்து வரும் வழியே அப்போது கிடையாது.

வகுப்பின் பொறுப்பு இயற்பியலாளர் சௌ பெய்யுவானிடம் இருந்தது. பாடம் நடத்தியவர்களில் முக்கியமானவர் டெங் யி. ஹார்வர்டில் சீனம் கற்பித்த அனுபவம் உள்ளவர். அந்த மாணவர்கள் எதை வைத்துப் படித்தார்கள் என்று யோசித்தால்தான் அந்த உழைப்பு புரியும். இன்று எல்லோரும் முதல் வாரத்தில் பிடித்துக்கொள்ளும் பின்யின், அதாவது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை, 1958இல்தான் அங்கீகரிக்கப்பட்டது. எளிமையாக்கிய எழுத்துத் திட்டம் 1956இல் வந்தது. ஆக, இன்று மூன்று கோடுகளில் எழுதும் 'மா' (குதிரை) என்ற எழுத்தை அவர்கள் பத்துக் கோடுகளில் எழுதிப் பழகினார்கள். தொனி மாறினால் அதே 'மா' அம்மாவாகும், திட்டுவதாகவும் ஆகும். இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் துறைப் படிப்பு.

1952இல் நாடு முழுக்கக் கல்லூரித் துறைகளை மாற்றியமைத்தபோது இந்த வகுப்பு பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1962இல் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனி ஆயத்தப் பள்ளி அமைந்தது. 1965இல் அதற்குப் பெய்ஜிங் மொழி நிறுவனம் என்று பெயர் மாறியது. இன்றைய பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் அதுதான். அடுத்த ஆண்டே கலாசாரப் புரட்சி வந்து, வெளிநாட்டு மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி சேர்க்கை தொடங்கியது 1973இல்.

இந்த வரலாற்றில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: மொழிக்கென்று ஒதுக்கிய அந்த முதல் ஆண்டுதான் மொத்தப் பரிமாற்றத்தையும் தாங்கியது. 1950 வகுப்பில் படித்த ரோமுலுஸ் புதுரா, 1990களில் ருமேனியாவின் தூதராகப் பெய்ஜிங்குக்கே வந்தார். 1970களில் இந்த மொழி நிறுவனத்தில் தொடங்கிப் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை போன முலாட்டு தெஷோமே, 2013 முதல் 2018 வரை எத்தியோப்பியாவின் குடியரசுத் தலைவர். சீன மொழித் தேர்வான எச்எஸ்கேயை 1980களில் உருவாக்கத் தொடங்கியதும் இதே நிறுவனம்தான்.

பிறகு சொந்தச் செலவில் படிப்பவர்கள் பெருகினார்கள். 2018இல் சீனாவில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 4,92,185 பேர். அதில் சீன அரசு உதவித்தொகை பெற்றவர்கள் 63,041 பேர்தான். உதவித்தொகையில் இளநிலைப் பட்டத்துக்கு வருபவர்களுக்கு ஆயத்த ஆண்டு உண்டு. ஆங்கிலவழிப் படிப்புகளில் அது இல்லை. சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. ஆங்கிலவழி மருத்துவத்தில் வகுப்பறை வரை சமாளித்துவிடலாம். மருத்துவமனை வார்டில் நோயாளி ஆங்கிலத்தில் வலியைச் சொல்லமாட்டார். வட்டார வழக்கும் சேர்ந்துகொண்டால் இன்னும் கஷ்டம். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் பயிற்சி மருத்துவத்துக்கு முன் எச்எஸ்கே நான்காம் நிலை கேட்கின்றன. பழைய ஆறுநிலைத் திட்டத்தில் அது 1,200 சொற்கள். நான்காம் ஆண்டில் அவசரமாகப் படிப்பதைவிட முதல் செமஸ்டரிலேயே தொடங்குவது எவ்வளவோ மேல்.

இப்போது போகிறவர்கள் கவனிக்க வேண்டிய காகிதங்கள்: சேர்க்கைக் கடிதத்தோடு விசா விண்ணப்பப் படிவமும் வர வேண்டும். அரசு உதவித்தொகைக்கு ஜேடபிள்யூ201, சொந்தச் செலவுக்கு ஜேடபிள்யூ202. 180 நாளுக்கு மேற்பட்ட படிப்புக்கு எக்ஸ்1 விசா, அதற்குள் என்றால் எக்ஸ்2. ஒரு செமஸ்டர் பரிமாற்றம் பெரும்பாலும் எக்ஸ்2இல் அடங்கிவிடும். பின்னால் ஓராண்டாக நீட்டிக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்திடம் பேசிவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் புகைப்படத்தின் மேல் மருத்துவமனை முத்திரை படிய வேண்டும், மருத்துவர் கையெழுத்தும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் படிவம் செல்லாது. முடிவுகள் ஆறு மாதம்தான் செல்லும். சேர்க்கை உறுதியாகும் முன்பே அவசரப்பட்டு எடுத்தால் செப்டம்பரில் காலாவதியாகி நிற்கும். மூலப் படிவத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

எக்ஸ்1 விசாவில் தங்கும் காலம் '000' என்று அச்சாகியிருக்கும். பார்த்துப் பதற வேண்டாம், பிழையும் இல்லை. நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதி பெற விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். வளாகத்துக்கு வெளியே வீடெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் அனுமதி விண்ணப்பம் நகராது. அனுமதி கைக்கு வரும் வரை பாஸ்போர்ட் குடிவரவு அலுவலகத்தில் இருக்கும் என்பதால் அந்த நாட்களில் வெளிநாட்டுப் பயணம் வைக்காதீர்கள். எக்ஸ்1 பொதுவாக ஒருமுறை நுழைவு விசாதான். தங்கும் அனுமதி இல்லாமல் ஹாங்காங் வரை போனாலும் திரும்ப உள்ளே வரப் புது விசா எடுக்க வேண்டியிருக்கும்.