தவக்காலக் குறிப்புகள், சுங்கை சிப்புட், மலேசியா

26.2.2020, புதன்
நெற்றிச் சாம்பலோடு நானும் பிள்ளையும் ஈப்போ பஸ் ஏறினோம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒருசந்தி நோன்பு கட்டாயமில்லைதான். பழக்கம் விடுகிறதா? தே ஓ கோசோங் ஒன்று, பாலும் சீனியும் இல்லாத தேநீர், அவ்வளவுதான். பதிவு இலாகா கவுண்டர் பெண் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், சிரித்துத்தான் சொன்னாள்: பிள்ளையின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் தகப்பன், அவர் நேரில் வரணும். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. நான் பச்சை ஃபைலைப் பார்த்தேன்.

28.2, வெள்ளி
சிலுவைப்பாதை. மூன்றாம் தலத்தோடு முழங்கால் போட முடியவில்லை.

1.3, ஞாயிறு
புதுப் பிரதமர் பதவியேற்றதை டீவியில் காட்டினார்கள். சமையல்கட்டில் எல்லோரும் கட்சிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே கணக்குத்தான். உள்துறைக்கு யார்? இருபத்தொரு வயது ஆகாத பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிகிற சட்டப்பிரிவு 15ஏ. அந்தக் கோப்புகளெல்லாம் அந்த மேசைக்குத்தானே போய்ச்சேரும்.

மார்ச் 27. அதற்குள் கொடுத்தாகவேண்டும்.

3.3, செவ்வாய்
தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

பிள்ளையின் பெற்றோர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்களாம். மேளம் வைத்தார்களாம், கிராணி மொய் எழுதினாராம். பந்தியில் ஆட்டுக்கறி. இதைத் தகப்பன் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பான்! "சாமி சாட்சி போதாதா சிஸ்டர்?" போதாது. 1982 மார்ச் 1 முதல் பதிவு செய்யாத கல்யாணம் சட்டத்தின் முன் கல்யாணமே இல்லை. அதனால் பிள்ளைக்குத் தாயின் நாடு. தாயோ சுமத்ராக்காரி, கைக்குழந்தையாக விட்டுவிட்டு ஊருக்குப் போனவள், தகவலே இல்லை. பிள்ளை சுங்கை சிப்புட்டை விட்டால் ஈப்போதான் கண்டது. ஒரு வார்த்தை இந்தோனேசியாப் பேச்சு தெரியாது. அதன் சூராட் பிரானாவில், பிறப்புப் பத்திரத்தில், 'குடிமகள் அல்ல' என்று அச்சடித்திருக்கிறது.

நமக்குக் கிளினிக்கில் ஒரு வெள்ளி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வெளிநாட்டார் கட்டணம். போன வருஷம் டெங்கி வந்தபோது கட்டிய ரசீதும் ஃபைலில் இருக்கிறது.

மெர்டேக்கா சமயத்தில், நாடு சுதந்திரம் அடைந்தபோது, என் அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய்க் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தார், குடிமக்களுக்கான நீல ஐசி, அடையாள அட்டை, கிடைத்தது. அடுத்த வீட்டுக்காரர் அன்றைக்கும் ரப்பர் மரம் சீவப் போனார். சாகும்வரை அவருக்குக் குடிமகன் அல்லாதவர்களின் சிவப்பு ஐசிதான். ஒரே லயத்து வீட்டு வரிசை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற ஒரே பெரட்டு, ஒரே கங்காணியின் ஏச்சு. அந்த ஒருநாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

6.3, வெள்ளி
எங்கள் சபையின் மாநிலத் தலைவியிடமிருந்து கடிதம். ஈஸ்டர் முடிந்ததும் நான் வேறு இல்லத்துக்குப் போகவேண்டும். 'உங்கள் முழங்காலையும் கருதி' என்று ஒரு வரி. அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அப்போது ரொம்பச் சுலபமாக இருந்தது.

இரும்பு அலமாரிச் சாவியை யாரிடம் கொடுப்பது?

7.3, சனி
லயத்துப் பாட்டியின் கால் புண்ணைக் கழுவிக் கட்டினேன். சர்க்கரை. வாடை குறைந்திருக்கிறது. "நீ போயிட்டா யாரு கட்டுவா?" என்றார். யார் சொன்னது இவருக்கு? பால்மரம் போய்ச் செம்பனை, எண்ணெய்ப்பனை, வந்தபிறகு அந்த வரிசையில் தமிழ் வீடு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வங்காளதேசப் பையன்கள். அவர்கள்தான் பாட்டிக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

10.3, செவ்வாய்
கோலாலம்பூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் அரிசி மூட்டைகளோடு வந்தார்கள். கூடவே வீடியோ. "எங்க ஊர் அன்னை தெரேசா" என்று என்னை நிறுத்திவைத்துப் பேசினான் ஒருவன். கோபம் வந்தது, அரிசியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ராத்திரி அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்தது ஸ்கோப்யே, 1910. அப்போது அது துருக்கி சுல்தான் ஆட்சி. அப்புறம் அந்த ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. இவரோ கடைசியில் இந்தியக் குடிமகள். டார்ஜிலிங் ரயிலில் அழைப்பு வந்தது 1946 செப்டம்பரில். லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே போக ரோமிலிருந்து அனுமதி வந்தது 1948இல். நடுவில் என்ன செய்தார்? பேராயருக்குக் கடிதம் எழுதினார். மறுபடி எழுதினார். படத்தில் எல்லோரும் அவர் தொழுநோயாளியைத் தொடுவதைத்தான் வரைகிறார்கள். தபாலுக்குக் காத்திருந்ததை யாராவது வரைந்திருக்கிறார்களா?

13.3, வெள்ளி
தகப்பன் போன் எடுத்துவிட்டான்! குளுவாங் பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிறானாம். குரலில் சம்சு, அந்த மலிவுச் சாராயம், இல்லை. "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன் சிஸ்டர்." வியாழக்கிழமை என்று பேசி முடித்தோம். தலைவிக்குப் பதில் எழுதினேன், வருகிறேன் என்று. இன்று எல்லாமே லேசாக இருக்கிறது. மத்தி மீன் குழம்பு வேறு.

14.3, சனி
பிள்ளை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது. "எங்க போறீங்க சிஸ்டர்?" சொன்னேன். அதற்குமேல் அது பேசவில்லை, தேய்ப்பதையும் நிறுத்தவில்லை.

16.3, திங்கள்
இரவுச் செய்தி. கொரோனாவால் புதன்கிழமையிலிருந்து எல்லாம் அடைப்பு. கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம். 31 வரைக்கும். பூசையும் இல்லை.

27.

தகப்பன் போன் எடுக்கமாட்டேன் என்கிறான். எடுக்கமாட்டேன் என்கிறான். இளைய சிஸ்டர், "வீட்டிலிருந்தே செபிப்போம்" என்கிறார். செபிக்கலாம், பிறகு.

11.20. எடுத்தான். "வியாழன் இல்ல, நாளைக்கு. நாளைக்கு ஒருநாள்தான் திறந்திருக்கும்" என்று கத்தினேன். இந்த வயதில் கன்னியர் இல்லத்து நடையில் நின்று கத்தினேன். வடக்கே பிராய்க்குப் போகிற லோரி ஒன்று இருக்கிறதாம், கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

17.3, செவ்வாய், காலை 4.40
ஏறிவிட்டான். தஞ்சோங் மாலிம் தாண்டியாச்சாம். ஈப்போ டோலில் இறக்கிவிடுவார்கள். முகம் கழுவச் சோப்பு, துண்டு, மாற்றுச்சட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். சட்டை நன்கொடை மூட்டையில் இருந்தது, அளவு பெரிசு, பரவாயில்லை. அவன் ஐசியைக் கையில் வைத்திருக்கிறானா என்று இரண்டுமுறை கேட்டேன். பாட்டியின் கட்டை இளைய சிஸ்டர் மாற்றுவார். பிள்ளை பாஜு குரோங், மலாய்க்காரர் நீள உடை, போட்டுக்கொண்டு அப்போதே வாசலுக்குப் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் இல்லை, பக்கத்துச் சீனர் காரை எடுக்கிறேன் என்றார், ஹாரன் அடிக்கிறார். படங்கள் இரண்டு, ரசீது, தகப்பன் எழுதிய பழைய கடிதம்