பார்பர்டன் நாட்குறிப்பு: கல்லுக்குள் இருக்கும் தங்கம்

மே 4
தென்னாப்பிரிக்காவின் பழைய தங்கச் சுரங்க ஊரான பார்பர்டனைப் பார்க்க டர்பனிலிருந்து வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "ஆத்துல அரிச்சா கிடைச்சுது?" என்றுதான். ஓடையிலும் அரித்தார்கள். ஆனால் ஊரை எழுப்பியது மலைக்குள் இருந்த வெள்ளைக்கல் ரேகை. 1884-ல் கிரகாம் பார்பரும் அவருடைய உறவினர்களும் அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஷீபா மலையில் எட்வின் பிரே தொட்ட இடம்தான் அதிசயம்: முதல் 13,000 டன் கல்லில் 50,000 அவுன்ஸ் தங்கம்.

மே 5
தங்கக் கல்லை இடித்துப் பொடியாக்கும் ஸ்டாம்ப் மில் வேறொன்றுமில்லை, உரலும் உலக்கையும்தான். ஐந்து இரும்பு உலக்கைகள் ஒரு பெட்டிக்குள் மாறி மாறி இடிக்கும். கூடவே தண்ணீர் விடுவார்கள். பொடியான கல் சல்லடை வழியாகக் குழம்பாக வெளியேறி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் வழியும். தங்கத்தை ரசம் பிடித்துக்கொள்ளும். அந்தக் களிம்பைச் சுரண்டித் தோலில் கட்டிப் பிழிந்து, வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், ஏற்றினால் ரசம் ஆவியாகிப் போகும், தங்கம் தங்கும். வாலையின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த ஆவி ஆளைக் கெடுக்கும்.

மே 7
தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ரசம் பிடிக்காது. கல்லில் கந்தகமும் ஆர்செனிக்கும் மிகுந்தால் இன்னும் மோசம்: ரசம் மாவுபோல் சிறுமணிகளாகச் சிதறி, தங்கத்தோடு கழிவுநீரில் போய்விடும். ஆழம் போகப் போக இந்தத் தொல்லைதான்.

மே 8
1887-ல் பங்குச்சந்தை வைக்கும் அளவுக்கு ஊர் வளர்ந்தது. ஆனால் 1886-லேயே இன்றைய ஜோகன்னஸ்பர்க் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் தெரிந்துவிட்டது, கூட்டம் அங்கே ஓடியது. நம்மவர்களுக்கோ, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட டிரான்ஸ்வால் குடியரசின் 1885-ஆம் ஆண்டு 3-ஆம் சட்டம் குறுக்கே நின்றது. ஆசியருக்குக் குடியுரிமை கிடையாது, நிலம் வாங்கவும் தடை. பார்பர்டன் வரலாற்றைச் சொல்பவர்கள் இதையும் சொல்லியே ஆகவேண்டும்.

மே 11
கந்தகமும் ஆர்செனிக்கும் மிகுந்த அந்த முரட்டுக் கல்லுக்கு மருந்து கிடைத்ததும் இங்கேதான். ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் பாக்டீரியாவை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்த கந்தகக் கனிமப் பொடியை அமிலத் தொட்டியில் விட்டு, காற்று ஊதி, ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நாள் வைப்பார்கள். தங்கத்தைப் பூட்டிவைத்திருக்கும் கனிமத்தை பாக்டீரியா அரித்துத் திறந்துவிடும். கந்தகம் எரிவதுபோல் சூடு தானாக ஏறும். குளிர்நீர்க் குழாய் நின்றால் பாக்டீரியா செத்துப்போகும். பிறகு அமிலம் போகக் கழுவி, சுண்ணாம்பு சேர்த்த பின்பே, தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு. அமிலம் மிச்சமிருந்தால் சயனைடு நச்சு வாயுவாகக் கிளம்பும்.