திருப்புவனத்தில் யாருமில்லாதவர்களுக்கு ஒரு கை நீர்

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் திருப்புவனம். வைகையின் தென்கரையில் புஷ்பவனேஸ்வரர் கோயில். அஸ்தி இங்கே பூவாக மாறியதாகத் தலபுராணம் சொல்வதால், காசியைவிட இந்த ஊருக்கு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதல் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். மகாளய அமாவாசையன்று சித்தப்பாவும் நானும் தர்ப்பணம் கொடுக்க விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அதற்குள்ளாகவே ஆற்றங்கரை நிறைந்துவிட்டது. ஆற்றில் நீரைவிட மணல்தான் அதிகம். மணலைவிட மக்கள் விட்டெறிந்த பழந்துணி அதிகம்.

புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். அப்பா பெயர், தாத்தா பெயர் வரை சித்தப்பா தடையில்லாமல் சொன்னார். அதற்கு மேல் இருவரும் விழித்தோம். புரோகிதருக்கு இது பழக்கம் போலிருக்கிறது. முகம் சுளிக்காமல் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு மேலே போனார். எள் கலந்த நீரை விரல் நுனி வழியாக விடக்கூடாது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்த்துவிட வேண்டும். கறுப்பு எள் உள்ளங்கை ரேகைகளில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது.

எல்லாம் முடிந்தது என்று எழப்போனவர்களை அவர் கையமர்த்தினார். "தாய், தகப்பன், உறவு, சிநேகிதம் என்று எவருமே இல்லாமல் போனவர்களுக்கும் ஒரு கை விடுங்கள்." தர்ப்பண மந்திரத்தின் கடைசிப் பகுதி அது. அடுத்த வரிசை காத்திருக்கும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. எனக்கு இந்தச் சடங்கின் மேல் மரியாதை வந்ததே அந்த ஒரு கை நீரால்தான்.

பௌத்தர்கள் சொல்லும் பசித்த பிரேதங்களும் இப்படி விட்டுப்போனவர்கள்தாம். மலையளவு வயிறு, ஊசித்துளையளவு தொண்டை. பாலி நூல்களின்படி, அவை தாங்கள் வாழ்ந்த வீட்டுக்கே திரும்பி வந்து சுவருக்கு வெளியிலும் முச்சந்தியிலும் வாசல் நிலையருகிலும் நிற்கும். உள்ளே விருந்து நடக்கும். ஒருவருக்கும் அவற்றின் நினைவு வராது. அந்த உலகத்தில் உழவில்லை, மாடு மேய்ப்பில்லை, வணிகமில்லை. இங்கிருந்து கொடுத்தால்தான் உண்டு. நாம் அழுது புரண்டாலும் அவற்றுக்கு ஒரு பயனுமில்லை என்று கறாராகவும் சொல்லிவிடுகிறார்கள்.

மகத மன்னன் பிம்பிசாரன் புத்தருக்கு அன்னமிட்டான். அந்தப் புண்ணியத்தை இறந்த உறவினருக்கென்று சொல்ல மறந்தான். காலங்காலமாகக் காத்திருந்த அவர்கள் அன்றிரவு அரண்மனையில் எழுப்பிய ஓலத்தில் மன்னன் நடுங்கிப்போனான். மறுநாள் நீரும் சோறும் துணியும் கொடுத்து, "இது என் உறவினருக்கு ஆகட்டும்" என்றான். அவர்கள் பசி தீர்ந்தது. நம் பக்கத்துப் பேய்க்கதைகளில் வேப்பிலையும் உடுக்கையும் வரும் இடத்தில் இங்கே சோறு வருகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

தமிழுக்கும் இது புதிதல்ல. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் பாடிய மணிமேகலையில், யானைத்தீ என்னும் தீராப் பசியால் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகள் வாடுகிறாள். அவள் பசியைத் தீர்த்த அமுதசுரபி முதலில் ஆபுத்திரனுக்குக் கிடைத்ததும் மதுரையில்தான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கியிருந்த அவன், வீடுவீடாகப் பிச்சையெடுத்து, பார்வையற்றவர், காது கேளாதவர், கால் முடமானவர், பேணுவார் இல்லாதவர் எல்லோரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு மிச்சத்தை உண்டான். பிச்சையோட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான்.

தர்ப்பணம் முடித்துக் கோயிலுக்குள் போனோம். சம்பந்தருக்கு வழிவிட்டு விலகியதாகச் சொல்லப்படும் நந்தி இன்றும் சற்று ஒதுங்கியே இருக்கிறது. உற்சவர் சன்னதியில் கூட்டம் குறைவு. சிவனடியார்களுக்கு அன்னமிட்டே கையிருப்பைக் கரைத்த பொன்னனையாள், இந்தத் திருமேனியின் அழகில் மயங்கிக் கன்னத்தைக் கிள்ளினாளாம். நகக்குறியை அர்ச்சகர் தீபம் காட்டி விளக்கினார். சித்தப்பா அதை விட்டு நகர மறுத்தார்.

வெளியே வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைக் கொடுத்தோம். ஓர் அம்மா வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கப்பா?" என்று கேட்டார். சித்தப்பா தன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, பிள்ளையில்லாமல் போன அத்தை ஒருவரின் பெயரையும் சேர்த்தார். நான் அதுவரை கேள்விப்பட்டிராத பெயர். திரும்பும் பஸ்ஸில் அந்த அத்தையின் கதைதான் பேச்சு.