பேஸ்மென்டில் லினக்ஸும் கேபிள் இணைப்பும்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து பேஸ்மென்டில் குடியிருக்கிற பிள்ளைகள் இப்பவும் கேட்கிறார்கள், "என்னட்டை இருக்கிறது லினக்ஸ் மட்டும்தான், கேபிள் இன்ரநெற் எடுத்தால் வேலை செய்யுமா, இல்லாட்டி விண்டோஸ் வாங்கவேணுமா" என்று. வேலை செய்யும். லினக்ஸும் விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் ஒரு இயங்குதளம்தான். கேபிள் மொடத்துக்கு, அதாவது கேபிளில் வரும் இணைப்பைக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டிக்கு, உங்கள் கணினியில் என்ன ஓடுகிறது என்பது தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. தொலைபேசியில் ஒருவர் "நாங்கள் லினக்ஸுக்கு ஆதரவு தருவதில்லை" என்று சொன்னால், அதில் சிக்கல் வந்தால் உதவி செய்யமாட்டோம் என்பதுதான் அவர் சொல்வது. இந்த வித்தியாசம் தெரியாமல் வந்த முதல் மாதத்திலேயே கையில் இருக்கிற காசைச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

நான் இணைப்பு எடுத்தது 2002 இன் கடைசியில், ஸ்காபரோவில். மேலே வீட்டுக்கார அண்ணையும் அக்காவும் பிள்ளைகளும் அக்காவின் அம்மாவும், கீழே நான். பழைய டெஸ்க்டொப் ஒன்றை வாங்கி அதில் ரெட் ஹட் 8.0 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டிருந்தேன். முதலில் டயல் அப்தான். அதற்கு வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி லைனைப் பிடிக்கவேண்டும், நான் இணையத்தில் இருக்கும் நேரம் வெளியிலிருந்து யார் எடுத்தாலும் பிசி. அந்த ஆண்டு பெப்ரவரியில் இலங்கையில் யுத்தநிறுத்தம் வந்து, ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதையும் திறந்து, ஊரிலிருந்து அழைப்புகள் கூடத் தொடங்கிய காலம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அக்காவின் தம்பி கொமினிகேஷன் கடைக்குப் போய், காத்திருந்து, காசு கொடுத்து எடுக்கும்போது இங்கே லைன் பிசி என்றால் எப்படி இருக்கும்? "அம்மா தம்பியின்ர கோலைப் பாத்துக்கொண்டிருக்கிறா, நீர் கொஞ்சம் பாத்துச் செய்யும்" என்று அக்கா ஒருநாள் மெதுவாகச் சொன்னா. அதற்குப் பிறகு டயல் அப்பைத் தொட மனம் வரவில்லை. கேபிள் இணைப்பு தொலைபேசி லைனை எடுக்காது, வீட்டுக்குள் ஏற்கனவே வந்திருக்கிற ரிவி கேபிளிலேயே வரும். அதுதான் வழி என்று முடிவாயிற்று.

புதிதாக வந்தவனுக்குக் கடன் வரலாறு கிடையாது, நிறுவனங்கள் வைப்புப் பணம் கேட்கும். வீட்டில் ரிவி கேபிள் கணக்கு அண்ணையின் பெயரில் இருந்ததால் இன்ரநெற்றையும் அதிலேயே சேர்த்து, மாதாமாதம் காசை அவரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். பேஸ்மென்ட் வாழ்க்கையில் பல விடயங்கள் இப்படித்தான் நடக்கும், வீட்டுக்காரர் நல்லவராக அமைந்தால் பாதிக் கஷ்டம் குறையும். எனக்கு நல்லவராகவே அமைந்தார்.

சரி, மொடம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும், அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும். கேபிள் மொடங்களுக்குப் பொதுவான தரநிலை டொக்சிஸ், அதன் முதல் பதிப்பு 1997 இல் வந்தது. மொடத்துக்குக் கரண்ட் கொடுத்தவுடன் அது ரிவி கேபிளில் வரும் அலைவரிசைகளில் தனக்குரியதைத் தேடும், அப்போது இறங்கு பக்க (உங்களை நோக்கி வரும் பக்க) லைட் மினுங்கும். கண்டுபிடித்ததும் அது நின்று எரியும். அடுத்தது ஏறு பக்கம், அதாவது உங்களிடமிருந்து போகும் பக்கம்: நிறுவனத்தின் கருவியோடு பேசி, எவ்வளவு பலத்தோடு அனுப்பவேண்டும், எந்த நேரத்தில் அனுப்பவேண்டும் என்று சரிசெய்துகொள்ளும். பிறகு தனக்கென்று ஒரு முகவரி வாங்கி, நேரத்தைக் கேட்டு, ஒரு சிறிய கோப்பை இறக்கிக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு வேகத்துக்குக் காசு கட்டுகிறீர்கள், பின்னால் எத்தனை கணினிகளுக்கு அனுமதி என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. இவ்வளவும் முடிந்தால்தான் ஒன்லைன் லைட் நிலையாக எரியும். இது முழுவதும் நடக்கும்போது கணினியே இணைத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்லைன் லைட் எரியவில்லை என்றால் பிழை கேபிளில் அல்லது நிறுவனத்தின் பக்கத்தில், எந்த இயங்குதளத்தையும் குறைசொல்ல முடியாது.

பொருத்த வந்த பையன் வயர் வேலையில் கெட்டிக்காரன். கேபிள் வீட்டுக்குள் நுழைவது பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில். அங்கிருந்து நாலு வழி ஸ்பிளிற்றர் ஒன்று மேலே உள்ள ரிவிகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தது. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்றரை டெசிபல் அளவு சிக்னல் குறையும், நாலாகப் பிரித்தால் ஏழு. அவன் அந்த நாலு வழியை அப்படியே வைத்து, அதற்கு முன்னால் ஒரு இரண்டு வழியைப் போட்டு, ஒரு கிளையை நேராக மொடத்துக்கும் மற்றதைப் பழைய ஸ்பிளிற்றருக்கும் கொடுத்தான். இதுதான் சரியான முறை, மொடத்துக்குக் குறைந்த பிரிவில் கொடுக்கவேண்டும். அண்ணை பக்கத்தில் நின்று "சுவரில ஓட்டை போடாமல் சூட்டுக்காற்றுக் குழாயோடை கொண்டுபோகச் சொல்லும் தம்பி" என்றார், அப்படியே குழாய் ஓரமாகக் கட்டிக்கொண்டு என் மேசைவரை வந்தது.

பிறகுதான் பிரச்சினை. ஒன்லைன் லைட் எரிந்தது. பையன் தன் லாப்டொப்பைச் செருகி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான், சுணக்கமே இல்லை. அதைக் கழற்றி என் டெஸ்க்டொப்பைச் செருகினோம், முகவரி வரவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, இது விண்டோஸ் இல்லையே, இதற்கு எங்களால் ஒன்றும் செய்யமுடியாது, மொடம் வேலை செய்கிறது என்று என் லாப்டொப்பில் பார்த்தீர்கள்தானே, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றான். அவனுக்குக் கொடுத்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்திருக்கும், அவனில் கோபம் இல்லை. ஆனால் அவன் லாப்டொப்தான் அந்தத் தடைக்குக் காரணம். ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி உள்ள மொடம், தொடங்கியபின் முதலில் எந்தக் கணினியின் மாக் முகவரியை (வலை அட்டையின் தனி அடையாள எண்ணை) பார்க்கிறதோ அதையே நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து வருகிற கணினி விண்டோஸாக இருந்தாலும் ஆப்பிள் மக்காக இருந்தாலும் கதவு திறக்காது. மொடத்தின் கரண்டைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, லினக்ஸ் கணினியை இணைத்த நிலையிலேயே திரும்பக் கொடுத்தேன். லைட்டுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஈத்0 க்கு, லினக்ஸ் என் வலை அட்டைக்கு வைத்த பெயர் அது, முகவரி வந்துவிட்டது. பையனும் குனிந்து பார்த்தான், அடுத்த வீட்டில் இப்படி வந்தால் செய்துபார்க்கிறேன் என்று சொல்லிக் குறித்துக்கொண்டு போனான்.

லினக்ஸ் பக்கத்தில் செய்யவேண்டியது மிகக் குறைவு. நான் பசிபிக் மோலில் வாங்கிய ரியல்ரெக் 8139 ஈதர்நெற் அட்டை, மலிவான சாமான், லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலில் அதற்கான டிரைவர் முதலே இருந்தது. மொடத்தில் யூஎஸ்பி வாயும் ஈதர்நெற் வாயும் இரண்டும் இருந்தன, பெட்டிக்குள் ஒரு சீடியும் இருந்தது. யூஎஸ்பியைத் தொடவேண்டாம், சீடியும் வேண்டாம், ஈதர்நெற்றைப் பிடியுங்கள் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என் சொல். பிறகு வலைப்பின்னல் அமைப்புக் கோப்பில் முகவரியை டிஎச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் எடு, கணினி தொடங்கும்போதே எழும்பு என்று இரண்டு வரி, அவ்வளவுதான். கையால் ஐபி முகவரியோ, வெளியே போகும் வழியான கேற்வேயோ எழுதத் தேவையில்லை. முகவரி வந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் எண்ணால் ஒரு பிங் செய்து, பதில் வருகிறதா என்று பாருங்கள், அது போய் வந்து பெயரால் மட்டும் போகவில்லை என்றால் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர் சேவையகத்தில்தான் கோளாறு, அதன் எண்கள் ரிசோல்வ் கொன்ஃப் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில கேபிள் வலைகள் அந்த நாட்களில் கணக்கு எண்ணோடு கூடிய ஒரு கணினிப் பெயரையும் கேட்டன, அதையும் டிஎச்சிபி கோரிக்கையோடு சேர்த்து அனுப்பினால்தான் பதில் வரும். லினக்ஸில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விடயம் 192.168.100.1. பெரும்பாலான கேபிள் மொடங்களில் இந்த எண்ணை உலாவியில் அடித்தால் மொடத்தின் நிலையைக் காட்டும் உள்பக்கம் திறக்கும். டிபிஎம்வி என்ற அலகில் இறங்கு சிக்னல் பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது, தரநிலை பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் 15 வரை விடுகிறது. ஏறு பக்கப் பலம் 50 ஐத் தாண்டிப் போகிறது என்றால் மொடம் கத்திப் பேசவேண்டிய நிலையில் இருக்கிறது, வழியில் எங்கோ இழப்பு. முதல் குளிர்காலத்தில், கடும் குளிர் வந்த இரவுகளில் என் இணைப்பு விட்டு விட்டு அறுந்தது. அந்தப் பக்கத்தில் எண்கள் துள்ளுவதைப் பார்த்து, திகதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிவைத்தேன். இதில் ஒரு நுணுக்கம்: இணைப்பு அறுந்த நேரத்தில் சில மொடங்கள் தாங்களே 192.168.100.11 போல ஒரு தற்காலிக முகவரியைக் கணினிக்குக் கொடுக்கும். அதைக் கண்டால் லினக்ஸைத் தோண்டவேண்டாம், கேபிளில் சிக்னல் இல்லை என்று அர்த்தம். தாளை வைத்துக்கொண்டு தொலைபேசி எடுத்தேன், என்ன இயங்குதளம் என்ற கேள்வியே வராமல் ஆளை அனுப்பினார்கள். வெளிச்சுவரில் இருந்த இணைப்பித் திருகு தளர்ந்து உள்ளே ஈரம் போயிருந்தது. புதிது போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

திருகு தளர்ந்திருப்பது உங்கள் வீட்டோடு நிற்கிற விடயமும் இல்லை. ஊரில் ஒழுங்கைக்குப் பொதுவான கிணறு மாதிரி, ஒரு பகுதி வீடுகள் எல்லாம் ஒரே கேபிளைத்தான் பகிர்கின்றன. வட அமெரிக்காவில் அன்றைய ஏறு பக்கம் 5 முதல் 42 மெகாஹேர்ட்ஸ் வரை, அந்த இடத்தில் எந்த வீட்டிலிருந்து இரைச்சல் புகுந்தாலும் எல்லாருடையதும் ஒன்றாகச் சேர்ந்துதான் நிறுவனத்தின் கருவியைப் போய் அடையும். இறங்கு பக்கம் அன்றைக்கு ஒரு அலைவரிசையில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 38 மெகாபிற், அதையும் பகிரவேண்டும், பின்னேரம் எல்லாரும் வேலையால் வந்தபின் மந்தமாவது அதனால்தான்.

கொஞ்ச நாளில் மேல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட வேலைக்கு இன்ரநெற் தேவைப்பட்டது. நிறுவனம் கொடுப்பது ஒரு முகவரி, இரண்டாவதற்கு மேலதிகக் காசு. என் கணினியில் இன்னொரு ஈதர்நெற் அட்டையைப் போட்டு, லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் ஒரே முகவரியைப் பல கணினிகள் பகிர வைக்கும் மாஸ்கரேட் விதி ஒன்று எழுதி, அதே குழாய் ஓரமாக ஒரு வயரை மேலே அனுப்பினேன். பிள்ளைகளின் விண்டோஸ் கணினி என் லினக்ஸ் வழியாக வெளியே போனது. இதில் பாதுகாப்பும் இருந்தது. அந்த நாளில் மொடத்தில் நேராகச் செருகிய கணினி உலகத்துக்கே வெளிச்சமாக நிற்கும், 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவியபோது அப்படி நின்ற எத்தனையோ விண்டோஸ் கணினிகள் தானாக அணைந்து எழும்பிக்கொண்டிருந்தன. மேல் வீட்டுக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணை அந்த மாதத்திலிருந்து இன்ரநெற் காசில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை, உங்கள் வீட்டுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவையை உள் அட்டையில் மட்டும் ஓடவிடுங்கள், மொடம் பக்கத்தில் ஓடவிடக்கூடாது.

ஊர்ச் செய்தி வாசிப்பதற்கு மட்டும் லினக்ஸில் கொஞ்சம் மினக்கெடவேண்டியிருந்தது. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம், பாமினி ஒரு பக்கம், டிஸ்கி ஒரு பக்கம். எழுத்துருக் கோப்பை வீட்டு அடைவில் போட்டு, மொசில்லா உலாவியில் குறியாக்கத்தைப் பயனர் வரையறுத்தது என்று மாற்றினால் தமிழ் தெரியும். காலையில் வேலைக்குப் போகமுன் செய்தியைத் திறந்துவைத்தால் அக்காவின் அம்மா கீழே இறங்கிவந்து கதிரையைப் போட்டு, வாசியும் என்று இருப்பா. ஏ9 ஆல் யார் போனார்கள், பலாலிப் பக்கம் என்ன நடக்கிறது, எல்லாம் கேட்பா. தொலைபேசியும் அப்போது மேலே சும்மா இருக்கும், மகன் எடுத்தால் மணி அடிக்கும்.

இப்போது வருகிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. நிறுவனம் தருகிற பெட்டியே மொடமும் றூட்டரும் வைஃபையும் சேர்ந்தது, அதனால் மாக் முகவரிப் பிரச்சினை பெரும்பாலும் வராது, லினக்ஸில் இருக்கிற நெற்வேர்க் மனேஜர் தானே முகவரி எடுத்துக்கொள்ளும். முகவரியைப் பார்க்க, பழைய ஐஎஃப்கொன்ஃபிக்குக்குப் பதில் ஐபி என்ற கட்டளை. சொந்த றூட்டரோ லினக்ஸ் பெட்டியோ பின்னால் வைக்க விரும்பினால் அந்தப் பெட்டியை, மொடமாக மட்டும் வேலை செய்யும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றவேண்டும், அப்போது மேலே சொன்ன பழைய விதிகள் எல்லாம் திரும்ப வரும். உள்ளே பற்றரி வைத்த தொலைபேசி மொடம் என்றால் கரண்டைக் கழற்றினாலும் அது அணையாது, ரீசெற் பொத்தானை அழுத்தவேண்டும். பெரிய நிறுவனங்களின் கேபிளிலேயே சிறிய நிறுவனங்களும் விற்க, கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையமான சிஆர்ரிசி வழிசெய்திருக்கிறது, காசு இறுக்கமான முதல் வருடத்தில் அவற்றையும் விசாரியுங்கள். இன்றைக்கு லினக்ஸ்காரருக்கு வரக்கூடிய உண்மையான தொல்லை வைஃபை சில்லு, சிலதுக்கு டிரைவர் தனியாக இறக்கவேண்டும், இறக்க இன்ரநெற் வேண்டும். அந்த நேரம் ஒரு ஈதர்நெற் வயர் கையில் இருக்கட்டும், ஈதர்நெற் வாய் இல்லாத லாப்டொப் என்றால் கைத்தொலைபேசியை யூஎஸ்பியால் செருகி அதன் இணைப்பைப் பகிருங்கள், லினக்ஸ் அதை இன்னொரு ஈதர்நெற் அட்டையாகவே எடுத்துக்கொள்ளும்.