காரணம் எழுதும் கட்டம்

ஜனவரி 15, 2024, திங்கள்

இங்கிலாந்தில் ஒரு காவல்துறையில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இரண்டு வாரம். எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. எனக்குச் சீருடை கிடையாது, அலுவலக ஊழியர்தான். இனச் சமத்துவத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர மூன்று பேர் கொண்ட குழு, அதில் நான் ஒருத்தி.

அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பழைய கோப்பு ஒன்று கிடைத்தது. அட்டையில் 'இனச் சமத்துவத் திட்டம், மே 2002'. இன உறவுச் சட்டம் 2000-ல் திருத்தப்பட்டபோது காவல்துறையும் அதற்குள் வந்தது. பாகுபாடு காட்டாமல் இருப்பது மட்டும் போதாது, சமத்துவத்தை வளர்ப்பதும் உங்கள் கடமை என்றது அந்தத் திருத்தம். 2002 மே 31-க்குள் எல்லாக் காவல்துறைகளும் திட்டம் எழுதி வெளியிட வேண்டியிருந்தது. அப்படி எழுதியதுதான் இது. நின்றபடியே முழுவதும் படித்தேன். நல்ல திட்டம். இன்று நாங்கள் எழுதி வைத்திருப்பதில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்பாக இருக்கிறது.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று முழுக்க ஸ்டாப் அண்ட் சர்ச் படிவங்கள். தெருவில் ஒருவரை நிறுத்திச் சோதனை போட, காவல்துறையின் அதிகாரங்கள் பற்றிய 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாயமான சந்தேகம் வேண்டும். அந்தச் சந்தேகத்தை எழுதத்தான் 'காரணம்' என்ற கட்டம். ஒருவரின் தோற்றத்தையோ இனத்தையோ காரணமாகக் காட்டக்கூடாது, வேறு காரணத்தோடு சேர்த்தும் காட்டக்கூடாது. தேடப்படுபவரின் அங்க அடையாளம் கையில் இருந்தால்தான் விதிவிலக்கு. சட்டத்தோடு வரும் 'கோட் ஏ' விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

படிவங்களில் இருப்பதோ இப்படி: 'பதற்றமாக இருந்தார்.' 'போதைப்பொருளுக்குப் பேர்போன பகுதி.' 'எங்களைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார்.' 'கஞ்சா வாசனை.' வாசனை மட்டும் பொதுவாகப் போதாது என்று வழிகாட்டுதலே உண்டு. இனத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான 2022-23 கணக்கில், மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர் 4 மடங்குக்கு மேல் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இந்த நாலைந்து வாக்கியங்களுக்குள் எங்கோதான் அந்த 4 மடங்கு ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இரவுப் பணி சார்ஜென்ட் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். இருபது வருட அனுபவம், நல்ல மனிதர். "குற்றம் நடக்கிற இடத்துக்குத்தானே போகிறோம்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் நாடு முழுக்கப் பத்துச் சோதனையில் ஏறக்குறைய ஏழு, மேல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் முடிகிறது. அந்த ஏழு பேர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் அவரே ஒன்று சொன்னார். பணி முடியும்போது படிவங்கள் வரிசையாகத் திரையில் வந்து நிற்குமாம். அவர் பார்த்து 'ஒப்புதல்' பொத்தானை அழுத்த வேண்டும். "கட்டம் காலியாக இல்லையா என்று பார்ப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எல்லா நாளும் படிப்பதில்லை." மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 24, சனி

ஒரு கொலையைப் போலீஸ் விசாரித்த விதத்தை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை வெளிவந்து இன்றோடு 25 வருடம். 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனில் எல்தம் பகுதி பஸ் ஸ்டாப் அருகே கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் வெள்ளைக்கார இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். வயது 18. கட்டடக் கலைஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கூட இருந்த நண்பர் டுவைன் ப்ரூக்ஸைப் பாதிக்கப்பட்டவராகப் போலீஸ் நடத்தவில்லை. பெற்றோர் டோரீனும் நெவில்லும் வருடக்கணக்கில் போராடிய பிறகுதான் விசாரணைக் குழுவே அமைந்தது. இருவர் தண்டிக்கப்பட்டது 2012-ல், 18 வருடத்துக்கு மேல் கழித்து.

1981 பிரிக்ஸ்டன் கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, காவல்துறையில் நிறுவன இனவெறி இல்லை என்றார். மக்பர்சன் இருக்கிறது என்றார். அவர் தந்த விளக்கத்தை இன்று மறுபடி படித்தேன். வெறுப்பு மட்டுமல்ல, அறியாமை, யோசிக்காமல் நடப்பது, தெரியாமலே மனதில் ஊறிய முன்முடிவு, இவையெல்லாம் சேர்ந்து ஒரு நிறுவனத்தையே தவறவைக்கும் என்கிறார். 'நான் இனவெறியன் இல்லையே' என்று கான்ஸ்டபிள்கள் என்னிடம் சொல்லும்போது நான் அவர்களை நம்புகிறேன். அது போதாது என்பதைத்தான் 70 பரிந்துரைகளும் சொல்கின்றன.

மார்ச் 12, செவ்வாய்

மக்கள் கண்காணிப்புக் குழுவின் கூட்டம். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, சோதனையின்போது போலீஸ் பாடி கேமராவில் பதிவான வீடியோக்களைப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பிடுவார்கள். முகங்கள் மறைக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது வீடியோவில் பள்ளிப் பையோடு ஒரு பையன். கான்ஸ்டபிள் கத்தவில்லை, மிரட்டவில்லை. தன் பெயர், ஸ்டேஷன், எந்தச் சட்டம், எதைத் தேடுகிறோம், பதிவின் நகல் கேட்கும் உரிமை என்று வரிசையாகச் சொன்னார். சொல்ல வேண்டியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பயிற்சியில் 'கோவைஸ்லி' என்று மனப்பாடம் செய்வார்களே, அந்தப் பட்டியலிலிருந்து. பையிலும் எதுவும் இல்லை.

நான் பச்சை போட்டுவிட்டேன். குழுவில் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய பாட்டி ஒருவர் இருக்கிறார். "ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். போட்டோம். "அவன் கையைப் பாருங்கள்." கான்ஸ்டபிள் வாயைத் திறப்பதற்கு முன்பே பையன் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான். "இந்தப் பிள்ளைக்கு இது எத்தனையாவது தடவை?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. "மரியாதையாகப் பேசினார், சரி. எதற்கு நிறுத்தினார்?" படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'சந்தேகப்படும்படி நடந்துகொண்டார்.' அவ்வளவுதான்.

பச்சையை அடித்துவிட்டுச் சிவப்பு என்று மாற்றினேன்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார்: போன வருடம் நாங்கள் எழுதிக் கொடுத்த கருத்துகள் என்ன ஆயின? அலுவலகம் திரும்பித் தேடினேன். ஒரு ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. சம்பந்தப்பட்ட அதிகாரி ஒருவருக்குக்கூட அவை போய்ச்சேரவில்லை. மாலை நேரத்தைச் செலவழித்து, பஸ் பிடித்து வந்து பார்த்தவர்களின் சொற்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 20, புதன்

சின்னக் குறிப்பு. சோதனைப் படிவத்தில், இனம் என்ன என்று நிறுத்தப்பட்டவரையே கேட்டு எழுத ஒரு கட்டம், அதிகாரி பார்வைக்கு என்னவாகத் தெரிந்தது என்று எழுத இன்னொன்று. முதல் கட்டத்தில் நிறைய 'சொல்லவில்லை'. நானே நின்றிருந்தால்? இலங்கைத் தமிழருக்குத் தனியாக எதுவும் இல்லை, 'பிற ஆசியர்'தான். ஆனால் கேட்டார்களா என்பதே முதல் கேள்வி.

ஏப்ரல் 4, வியாழன்

ஆளெடுப்புக் கூட்டம். 2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸில் வெள்ளையர் அல்லாதோர் 18.3 சதவீதம், 2023 மார்ச்சில் போலீஸ் அதிகாரிகளில் 8.4 சதவீதம். சட்டம் அனுமதிப்பது ஊக்கமளிப்பதை: தகவல் கூட்டம், தேர்வுக்குப் பயிற்சி, தகுதி உண்மையிலேயே சமமாக இருக்கும்போது முன்னுரிமை. அதைத் தாண்டிப் போன செஷயர் காவல்துறை 2019-ல் தீர்ப்பாயத்தில் தோற்றது. கூட்டத்தில் எல்லாரும் இதையே பேசினார்கள். சேர்ந்தவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று கடைசி ஐந்து நிமிடம்தான் பேச முடிந்தது. அடுத்த முறை அதை முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 18, வியாழன்

குழுவின் கருத்து இனி அதிகாரியின் சார்ஜென்டுக்கு நேராகப் போகும். அவர் வீடியோவை அதிகாரியோடு உட்கார்ந்து பார்த்து, 14 நாளுக்குள் குழுவுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். எங்கள் திட்டத்தில் இந்த ஒரு பக்கத்தை ஒப்புக்கொள்ளவைக்க ஐந்து வாரம் ஆயிற்று. மற்ற எண்பது பக்கத்தையும் ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள். இதில்தான் ஒருவர் இன்னொருவரிடம் முகம் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் தயங்கினார்கள்.

மே 9, வியாழன்

மூன்றாவது வீடியோவுக்குப் பதில் வந்துவிட்டது. பிப்ரவரியில் பேசிய அதே இரவுப் பணி சார்ஜென்ட். படிவத்தைத் திருப்பி அனுப்பி, 'நடந்துகொண்டார் என்றால் என்ன செய்தார்?' என்று கேட்டிருக்கிறார். கான்ஸ்டபிள் வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு எழுதிய பதில்: 'அவர் எதுவும் செய்யவில்லை. நடந்து போய்க்கொண்டிருந்தார்.' அப்படி எழுதத் துணிவு வேண்டும். கான்ஸ்டபிளுக்கு வயது 24.

பையனின் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. சார்ஜென்ட் மாலையில் என் மேசைக்கு வந்தார். சீருடையில் போவதா, சாதாரண உடையிலா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பையனுடைய அம்மாவுக்கு முதலில் ஃபோன் செய்து, அவர்களுக்கு எது சௌகரியம் என்று கேட்டுவிடுங்கள் என்றேன். அங்கேயே நின்று எண்ணை அழுத்தினார்.